வேசர் கரையில் மூன்று இரவுக் கருவிகளும், வரக்கூடாத ஒன்றும்

சென்ற நவம்பர் இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை டோர்ட்மண்டிலிருந்து ஹோல்ஸ்மிண்டனுக்குப் போய் வெள்ளி மதியம் திரும்பினேன். ஊர் பார்க்கப் போகவில்லை. இருட்டில் கோழி பிடிக்க வரும் மிருகங்களைச் சுடுவதற்கு எந்த இரவுக் கருவி வாங்கலாம் என்று பார்க்கப் போனேன். நான் வேட்டைக்காரன் அல்ல. துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, தொட்டதும் இல்லை. பேராதனையில் பௌதிகம் படித்தவன். அந்தப் பட்டம் இங்கே எதற்கும் ஈடாகாது என்று ஓர் அலுவலகம் இரண்டு வரியில் எழுதி அனுப்பியதிலிருந்து களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அன்ரன் மட்டும்தான் இன்றைக்கும் என்னைப் பௌதிகம் தெரிந்தவன் என்று எண்ணிக் கேள்வி கேட்பவன். அதனால் அவன் கூப்பிட்டவுடன் இரண்டு நாள் லீவு போட்டேன்.

அன்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்க்காரன், நாற்பத்தேழு வயது, என்னைவிட எட்டு வயது இளையவன். வேசர் ஆற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முந்நூற்று நாற்பது முட்டைக் கோழிகள் வளர்க்கிறான். சனிக்கிழமைகளில் பீலெஃபெல்டிலும் டோர்ட்மண்டிலும் உள்ள நம்முடைய தமிழ்க் கடைகளுக்கு முட்டை கொண்டுவருபவன் அவன்தான். மூன்று வருடத்தில் அறுபத்தொரு கோழிகளை ரக்கூன் கொன்றுவிட்டது. தின்றால்கூடப் பரவாயில்லை, தலையை மட்டும் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. மின்வேலி போட்டுப் பார்த்தான். வானொலிப் பெட்டியைப் பாடவிட்டுப் பார்த்தான். கடைசியில் வேட்டை அனுமதிக்குப் படித்தான். இரண்டு வருடம், ஒருமுறை வாய்மொழிப் பரீட்சையில் தவறி, மறுபடி போய், யாக்ட்ஷைன் எனப்படும் அந்தப் பச்சைப் புத்தகத்தை வாங்கினான். அந்த வட்டார வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கிழவர், கோழிக்கூட்டைச் சுற்றி ரக்கூனைச் சுட அவனுக்கு எழுத்தில் உத்தரவும் கொடுத்திருக்கிறார். ஜேர்மன்காரப் பிள்ளைகளே தவறுகிற பரீட்சை அது. நம்முடைய சமூகம் அவனுக்கு ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. மேடையேற்ற வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

டோர்ட்மண்டில் காலை 9.20 அளவில் ரயில். ஆல்ட்டன்பெக்கனில் மாறவேண்டும். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ரயிலும் நேரத்துக்கு வந்தன. குறை சொல்லத் தயாராகப் போன எனக்கு அது ஓர் ஏமாற்றம்தான். வட்டார ரயில்கள் என்பதால் மாத ரிக்கற் போதும். ஆல்ட்டன்பெக்கனுக்குப் பிறகு இடதுபக்கம் உட்காருங்கள். பள்ளத்தாக்குகள் அந்தப் பக்கம்தான். கோப்பியைப் பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

நிலையத்தில் அன்ரன் காருடன் நின்றான். கிராமம் பதினான்கு கிலோமீற்றர். இரண்டு மணிக்கு வேட்டைச் சாமான் கடையில் டெர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்த நேரம், என்பதால் நேரே நகரத்தில் சாப்பிட்டோம்: பயறுச் சூப்பும் பாணும், ஆளுக்கு 6.90 யூரோ. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். கடையில் ஒன்றும் வாங்கப்போவதில்லையாம். சும்மா பார்க்க, எப்படிப் பூட்டுவது என்று பழக மட்டுமாம். ஏனென்றால் கருவி ஏற்கெனவே வருகிறது. ரொறன்ரோவிலிருந்து அவனுடைய அண்ணன் செபஸ்ரியன் வாங்கி அனுப்புகிறான். செபஸ்ரியனின் மாமியார் டோர்ட்மண்டில் ஒரு கலியாணத்துக்கு வருகிறார். வெள்ளி இரவு விமானம் ஏறிச் சனி காலை இறங்குவார். அவருடைய பெட்டிக்குள், சேலைகளுக்கு நடுவில்.

நாம் எல்லோரும் இப்படித்தான் வாழ்கிறோம். கனடாவில் மலிவு என்றால் கனடாவிலிருந்து. லண்டனில் மலிவு என்றால் லண்டனிலிருந்து. கலியாணமோ செத்தவீடோ, வருகிறவரின் பெட்டியில் இரண்டு கிலோ நமக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசி, நகை, மருந்து, மிளகாய்த்தூள் எல்லாம் இப்படி வந்து சேர்ந்தவைதான். அதனால் எனக்கும் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. படத்தைக் காட்டு என்றேன்.

படத்தில் இருந்தது துவக்கின் மேல் நேரடியாகப் பூட்டுகிற முழு வெப்பத் தொலைநோக்கி. உள்ளேயே குறிக்கோடு. அருமையான சாமான். கனடாவில் கடையில் அடுக்கி வைத்து விற்பார்கள். ஜேர்மனியில் அதே சாமான், வேட்டை அனுமதி உள்ளவருக்கும் தடை. இங்கே வேட்டைக்காரருக்குத் திறந்துவிடப்பட்டது ஒரு சின்னக் கதவுதான்: சாதாரணத் தொலைநோக்கியின் முன்னாலோ பின்னாலோ மாட்டிக் கழற்றும் துணைக்கருவி. முன்னால் மாட்டுவதை ஃபோர்சாட்ஸ் என்பார்கள். முழுத் தொலைநோக்கி வீட்டில் இருந்தாலே குற்றம். பிடிபட்டால் துவக்கு போகும், பச்சைப் புத்தகமும் போகும். நம்பகமில்லாத ஆள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு வருடக்கணக்கில் கிட்டவும் போக முடியாது. இதை அவனுக்குச் சொன்னேன்.

அன்ரன் கோபப்படவில்லை. சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டு, "அண்ணை, உங்களுக்கும் அண்ணருக்கும் இருக்கிற பிரச்சினை எனக்குத் தெரியாததே?" என்றான்.

பிரச்சினை இதுதான். டோர்ட்மண்டில் செபஸ்ரியனும் நானும் ஒரே அறையில் இருந்தவர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காக நான் நாற்பத்திரண்டு பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானப் புத்தகம் எழுதினேன். படங்களும் நானே கீறினேன். அச்சாகி வந்தபோது அட்டையில் செபஸ்ரியனின் பெயர் இருந்தது. நிர்வாகத்தின் முடிவு என்றான். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அவன் கனடா போனபோதும் வழியனுப்பப் போகவில்லை. இந்த ஒன்பது வருடத்தில் அவன் தொட்டதெல்லாம் பிழை என்று நான் சொல்லாத நாள் குறைவு. அவனுடைய வீடு பிழை, வேலை பிழை, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை பிழை. அப்படிப்பட்ட நான் அவன் அனுப்பும் தொலைநோக்கியும் பிழை என்றால் யார்தான் நம்புவார்கள்?

கடை, தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு மாடிக் கட்டடம். உரிமையாளர் அறுபது வயதுக்காரர், அவசரமில்லாத மனிதர். பொதுவாகக் கேட்பதுபோல் முழு வெப்பத் தொலைநோக்கி பற்றிக் கேட்டேன். அனுமதி இல்லை, வேட்டைக்காரருக்கும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார். நான் அன்ரனைப் பார்த்தேன். அவன் சுவரில் தொங்கிய மான்கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாங்க நினைப்பவர்களுக்காக, அங்கே கற்றதை எழுதுகிறேன். கருவிகள் இரண்டு வகை. வெப்பக் கருவி உடற்சூட்டைப் பார்க்கும். வெளிச்சமே வேண்டாம், புல்லுக்குள் பதுங்கியிருப்பதும் தெரியும். ஆனால் முகம் தெரியாது, வெள்ளை உருவம்தான். எண்ணிம இரவுக் கருவி மிச்ச வெளிச்சத்தையோ அகச்சிவப்பு விளக்கையோ கொண்டு பார்க்கும். காது, வால், மூக்கின் கறுப்பு எல்லாம் காட்டும். ஆனால் எங்கே பார்ப்பது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். விளக்கைத் துவக்கில் பூட்டுவதற்குத் தனி விதிகள் உண்டு, கேட்காமல் பூட்டாதீர்கள். மற்றது, வெப்பக் கருவி கண்ணாடிக்குள்ளால் பார்க்காது. கார்க் கண்ணாடியைத் திறக்காமல் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டாம்.

எனக்குத் தெரிந்ததைக் காட்டும் நேரம் வந்தது என்று நினைத்துச் சென்சரைப் பற்றித் தொடங்கினேன். 640 புள்ளிதான் வேண்டும், 50 மில்லிமீற்றர் வில்லைதான் வேண்டும், 384 எல்லாம் விளையாட்டுச் சாமான் என்றேன். கடைக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு அன்ரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வேட்டைப் பரணிலிருந்து கோழிக்கூடு எவ்வளவு தூரம்? எழுபது மீற்றர் என்றான். அப்படியானால் 50 மில்லிமீற்றர் வில்லையில் பாதிக் கூடுதான் தெரியும், 19 வாங்கினால் முழுக் கூடும் தெரியும், விலையும் குறைவு என்றார். விளம்பரத் தாளில் 1,800 மீற்றர் என்று போட்டிருப்பது ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரியும் தூரம் மட்டும். அது என்னவென்று தெரியும் தூரம் அதில் ஒரு சிறு பங்குதான் என்றும் சொன்னார். நான் எண்ணைப் பார்த்தேன், அந்த மனிதர் இடத்தைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் என்னைச் சிறுமைப்படுத்தாமல் சொன்னார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று கருவிகளை ஓர் இரவுக்குக் கடனாகத் தந்தார். வெப்பக் கைக்கருவி, 384 புள்ளி, 19 வில்லை: 1,690 யூரோ. வெப்ப ஃபோர்சாட்ஸ்: 3,250 யூரோ. எண்ணிமக் கருவி: 1,190 யூரோ. மூன்றுக்கும் சேர்த்து அன்ரனின் அடையாள அட்டைப் பிரதி மட்டும் வாங்கிக்கொண்டார்.

காரில் அன்ரன் தானாகவே பேச்சை எடுத்தான். கடைக்காரன் தன் சாமானை விற்கத்தானே பார்ப்பான் என்றான். வேட்டைப் பரீட்சைக்குச் சட்டப் பாடமும் படித்தவன் அவன். எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

நவம்பரில் இந்தப் பக்கம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. ஐந்து பத்துக்குப் பரணில் ஏறினோம். நான்கு மீற்றர் உயரம், பன்னிரண்டு படி, இரண்டு பேர் இடித்துக்கொண்டு இருக்கலாம். துவக்கு வீட்டில் இரும்புப் பெட்டிக்குள். அன்றைக்குப் பார்வை மட்டும். வெப்பநிலை இரண்டு பாகை. காலுக்கு இரண்டு சோடி மேசு, அதாவது காலுறை, போடுங்கள். மூச்சைக் கருவியின் வில்லைப் பக்கம் விடாதீர்கள். நான் விட்டு, பத்து நிமிடம் வெறும் ஆவி மூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு வேலியோரம் ஒரு வெள்ளை உருவம் வந்தது. முதுகு வளைந்து, நிலத்தை மணந்துகொண்டு வந்தது. ரக்கூன்தான் என்று அன்ரன் என் காதுக்குள் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. எண்ணிமக் கருவியை எடுத்து அதே இடத்தைப் பார்த்தேன். கழுத்தில் பட்டி. அடுத்த வளவுப் பூனை. அந்தப் பூனை அந்த வீட்டுக்காரியின் உயிர் என்றும், துவக்கு கையில் இருந்து சுட்டிருந்தால் தான் ஊரை விட்டே போகவேண்டியிருக்கும் என்றும் அன்ரன் சொன்னான். கண்டதும் நம்பாதே, இன்னதென்று தெரிந்த பிறகே விரலை வை என்பது இங்கே வேட்டைப் பாடத்தின் முதல் அரிச்சுவடி. வெப்பக் கருவி அதை மறக்க வைக்கும். எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டி, தெரிந்துவிட்டது போன்ற ஓர் எண்ணத்தைத் தந்துவிடும்.

ஆறு மணி தாண்டி உண்மையானவை வந்தன. மூன்று. அவை வேலியைத் தொடவே இல்லை. வேலிக்கு வெளியே நின்ற ஆல்டர் மரத்தில் ஏறி, கூட்டுக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையால் நடந்து, பழக்கமான பஸ் தரிப்பில் இறங்குவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அன்றைக்குக் கூட்டுக் கதவை நேரத்தோடே பூட்டியிருந்ததால் கூரையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு அதே வழியால் திரும்பிப் போயின. இத்தனை காலமும் அன்ரன் மின்வேலிக்குப் பற்றரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் சத்தம் வராமல் சிரித்தான். பரண் ஆடியது.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவன் சொன்னான், மெல்ல, கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல்.

"நீங்கள் சொல்லுறது சரியெண்டு தெரியும் அண்ணை. ஆனா என்ர வாயாலை அண்ணரிட்டை வேண்டாமெண்டு சொல்ல ஏலாது. என்னை ஏஜென்சிக்குக் காசு கட்டி ஊரிலையிருந்து இஞ்சை கூப்பிட்டது அவர். இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் திருப்பிக் கேட்டதில்லை. முதல்தரம் தானா ஆசைப்பட்டு ஒண்டு வாங்கித் தாறார்."

சட்டத்தை அண்ணரிடம் சொல்லிப்பார் என்றேன். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார் என்றான். என் பெயர் வந்தால், என்மேல் உள்ள வீம்புக்காகவே அனுப்புவாராம். வந்தால் ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தானாம். பெட்டிக்குள்ளேயே, யாருக்கும் காட்டாமல், ஒருபோதும் பூட்டாமல். ஆயுதப் பெட்டியைப் பார்க்க அதிகாரிகள் சொல்லாமல் வருவார்கள் என்பது அவனுக்கே தெரியும். பிடிபட்டால் கோழியைக் காக்க இருக்கும் ஒரே வழி போய்விடும் என்பதும் தெரியும். அண்ணனின் மனதை நோகடிப்பதைவிட அது அவனுக்குச் சின்னதாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு அப்போது உறைத்தது வேறு. மாமியார். எழுபத்து நான்கு வயது மனுசி, சேலைக்குள் சுற்றித் தடைசெய்த சாமானோடு சுங்கத்தில் நிற்கப்போகிறார். ஒன்பது வருடம் நான் வாயால் வளர்த்தது வந்து நிற்கும் இடம் அது. நான் இத்தனை காலம் வாயைக் கட்டியிருந்தால், மதியச் சூப்போடு இந்தக் கதை முடிந்திருக்கும்.

பரணிலிருந்து இறங்கிக் காருக்குப் போனோம். நேரம் 6.50. ரொறன்ரோவில் மதியம். அன்ரன் இலக்கத்தைத் தந்துவிட்டு, வேண்டாம் அண்ணை, விடுங்கோ என்றான். நான் அழைத்தேன்.

செபஸ்ரியன் எடுத்தான். குகன் கதைக்கிறன் என்றேன். முந்தி மச்சான் என்பான். இப்போது எந்த விளியும் இல்லாமல், சொல்லு என்றான். தொலைநோக்கியின் மாதிரி இலக்கத்தைச் சொன்னேன். முழுத் தொலைநோக்கி இங்கே தடை என்றேன், ஃபோர்சாட்ஸ் மட்டும்தான் செல்லும் என்றேன், சுங்கத்தைச் சொன்னேன், மாமியாரைச் சொன்னேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார்போல வரிசையாகச் சொன்னேன். வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை.

"அன்ரன் கேக்கச் சொன்னவனோ?"

"இல்லை. கதைக்கவேண்டாம் எண்டுதான் சொன்னவன். பக்கத்திலை இருக்கிறான்."

"நீ எனக்கு எதிரா ஏதும் வைச்சுக்கொண்டு சொல்லேல்லையே?"

"எதிரா எவ்வளவோ வைச்சிருக்கிறன். இதிலை இல்லை."

மறுபக்கம் ஒரு மூச்சுச் சத்தம். சிரிப்போ சலிப்போ தெரியவில்லை. "மாமி நேற்றே பெட்டி கட்டிட்டா," என்றான். "மிசிசாகாவிலை நிக்கிறா. வேலை முடியப் போய் எடுக்கிறன்." பிறகு அன்ரனிடம் கொடுக்கச் சொன்னான். நான் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுக் காருக்கு வெளியே நின்றேன். மொத்தம் நான்கு நிமிடம். ஒன்பது வருடமாகச் சொல்லத் தயாராக வைத்திருந்த எதற்கும் அந்த நான்கு நிமிடத்தில் இடமிருக்கவில்லை. அன்ரன் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று சொல்வது மட்டும் கேட்டது. கடைசியில் அவன் அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். குளிரில் எல்லோருக்கும்தான் மூக்கு ஒழுகும்.

மறுநாள் காலை ஆல்டர் கிளையை வெட்டினோம். அரை மணி நேர வேலை. பிறகு கடைக்குப் போய் ஃபோர்சாட்ஸையும் எண்ணிமக் கருவியையும் திருப்பிக் கொடுத்தோம். கைக்கருவியை அன்ரன் விலைக்கு எடுத்தான். ஃபோர்சாட்ஸைத் தை மாதம் வாங்குவதாகச் சொன்னான். அதை மாட்டினால் குண்டு விழும் இடம் சற்று விலகலாம், துவக்கோடு கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். 13.05 ரயிலில் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தங்க இடம் வேண்டுமானால் ஹோல்ஸ்மிண்டனில் காலை உணவோடு 64 யூரோவுக்கு அறை கிடைக்கிறது. நான் அன்ரன் வீட்டில் தங்கினேன். பார்ப்பதற்கு மட்டுமான கைக்கருவிக்கு அனுமதி தேவையில்லை. முதலில் அதையே வாங்குங்கள், இரண்டு வாரம் சும்மா பாருங்கள். எதிரி எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால் சுடத் தேவையே இல்லாமல் போகலாம். துவக்கில் எதையாவது பூட்டுமுன் உங்கள் மாவட்ட வேட்டை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். எந்த மிருகத்துக்கு எந்தக் கருவி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. குட்டி வளர்க்கும் காலத்தில் தாயைச் சுடுவது குற்றம். வெளிநாட்டிலிருந்து யாராவது அன்பாக வாங்கி அனுப்புகிறேன் என்றால், பெற்றுக்கொள்பவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அனுப்புகிறவரை நீங்களே அழைத்துப் பேசுங்கள், அவரோடு பேசிப் பல வருடமாகியிருந்தாலும்.

கிளை வெட்டியபின் இதுவரை இரண்டு கோழிதான் போயிருக்கிறது; இரண்டும் பருந்து, பகலில். பங்குனி முடிவில் அன்ரனின் பச்சைப் புத்தகத்தை இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். செபஸ்ரியனுக்கு அதை அறிவித்தவன் நான்தான்.